பெரிய வெள்ளியின் கொட்டாப்புளி

என் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. மழைக்காலத்தில் மூன்றாவதும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. சட்டைக்கு ஆறு பொத்தான்கள். போட்டு முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது, எனக்கும் எரிச்சல் வந்துவிடுகிறது. இப்போது தவக்காலம் என்றால் நாலு பக்கமும் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். அன்று எங்களிடம் இருந்தது ஒரு பலகையும், கொட்டாப்புளி என்கிற ஒரு மரச் சுத்தியலும்தான். விரல்கள் போனதும் அவற்றால்தான்.

எழுபதுகளின் கடைசியில், அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு சிற்றூருக்கு நான் உபதேசியார். பதினெட்டு கத்தோலிக்கக் குடும்பங்கள், ஓடு போட்ட சின்னக் கோயில். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை ஏறி வருவார். மற்ற நாளில் செபம், ஞானோபதேசம், சாவு, சண்டை எல்லாம் என் தலையில். அந்த வருடம் என் மைத்துனர் கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு எழுத்தர் வேலை பேசி வைத்திருந்தார். என் மனைவி அப்போதே மனத்தளவில் அங்கே குடியேறிவிட்டாள். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கும்போது, உயிர்ப்புத் திருநாள் வரை இந்த ஊழியத்தை விட்டு இறங்குவதில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னதை அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெள்ளிதோறும் கோயிலிலிருந்து பாறை முகடு வரை, பதினான்கு தலங்களில் நின்று செபித்தபடி, சிலுவைப் பாதை. சிலுவை வேங்கை மரத்தில் செய்தது. யார் கூப்பிட்டாலும் கூலி வேலைக்குப் போகும் ஓர் இளைஞன், தவக்காலம் முழுதும் சட்டை போடாமல் சுமப்பதாக நேர்ந்துகொண்டு, ஆறு வெள்ளியும் அவனே சுமந்தான். ஆறாவது வாரம் வலது தோளில் தோல் உரிந்து சதை தெரிந்தது. என் மனைவி மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துக் கொடுத்தாள். நானே பூசிவிட்டேன்.

பெரிய வியாழன் மாலையிலிருந்து உயிர்ப்பு இரவு வரை கோயில் மணி அடிக்கக் கூடாது. அதற்குப் பதிலாகப் பலகையை ஒரு கையில் தொங்கப் பிடித்து, மறு கையால் கொட்டாப்புளியைக் கொண்டு தட்டி ஆட்களைக் கூப்பிடுவோம். அந்த வியாழன் பொழுது சாய்கையில் நான் ஊரைச் சுற்றித் தட்டிக்கொண்டு போனேன். கீழே ஓடையில் சந்தனக்கட்டை திருடுகிறவர்கள் சுமையோடு நின்றிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? யாரோ வனக்காவலருக்கு அடையாளம் காட்டுகிறார்கள் என்று நினைத்துக் கட்டைகளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். விடிவதற்குள் அவை காவலர் கையில் சிக்கிவிட்டன.

பெரிய வெள்ளி காலை மூன்று பேர் வந்தார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். என்னைக் கோயில் வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள்.

"யாருக்குயா தட்டிக் காட்டுன?" என்றான் தலைவன். குரலைக் கேட்டால் அடிவாரத்து ஆள்.

இந்த மூன்று நாள் மணி அடிக்க மாட்டோம், அதனால்தான் மரம் என்று விளக்கினேன். அவன் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தான்.

"மணி தொங்கறப்போ கட்டைய தட்றவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன் தான்யா."

முதல் அடி முதுகில். இரண்டாவது காதோடு சேர்த்து. அதன் பிறகு எண்ணத் தொடங்கினேன், எண்ணாவிட்டால் அலறியிருப்பேன். பதினொன்றாவதில் ஒரு பல் வாயிலிருந்து மண்ணில் விழுந்தது. பதினெட்டுக் கதவுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"எந்தக் கையால தட்டுன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் வலது கையை வாசற்படியில் வைத்து மிதித்துக்கொண்டான். கோயிலுக்குள் கிடந்த கொட்டாப்புளியை எடுத்து வரச் சொல்லி, மூன்றாவது ஆளிடம் ஒப்படைத்தான். அந்த ஆள் தயங்கினான். தலைவன் அவன் பிடரியில் ஓர் அறை விட்டான். அவன் என்மேல் குனிந்தான். சட்டையில்லாத வலது தோளில் சதை தெரியும் புண்; அதைச் சுற்றிக் காய்ந்த மஞ்சள்.

மூன்று முறை அடித்தான். மூன்றாவதில் எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு முறை அந்தச் சத்தம் மலையில் கேட்டால் கோயிலோடு வைத்துக் கொளுத்துவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மனைவி மூங்கில் பட்டை வைத்துக் கையைக் கட்டினாள். தகரப்பெட்டியில் துணிகளை அடுக்கினாள். "இன்னும் இன்னாத்துக்குங்க இங்க? சாயங்கால பஸ்ஸுக்கு எறங்கிட்லாம். ஆண்டவரு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவள் சொன்னது தப்பில்லை. எனக்கும் போய்விடத்தான் ஆசை. பெட்டி மூடுகிற சத்தம் அன்று அவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஆனால் மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை. இன்று தட்டாமல் இறங்கினால் மறுபடி ஏற மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

பலகையை இடது கையில் தூக்கிக்கொண்டு கோயில் முன்னால் போய் நின்றேன். அதன் பிறகுதான் தட்டுவதற்குக் கையில்லை என்பது உறைத்தது. மனைவி பெட்டியோடு பின்னால் வந்தவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அப்போது சிலுவை சுமப்பவன் வந்தான். அந்தத் தவக்காலத்தில் முதல்முறையாகச் சட்டை போட்டிருந்தான்.

"தட்டு" என்றேன்.

"வேணாம், உபதேசியாரே. அவுங்க ஓடைலதான் கீறாங்க. கேக்கும்."

"கேக்கட்டும்."

கொட்டாப்புளியை எடுத்தான். அதில் என் ரத்தம் காய்ந்திருந்தது. பலகையில் பட்டும் படாமல் ஒரு தட்டு தட்டினான்.

"காலைல இப்டியா அட்ச்ச?"

அவன் முகம் கோணியது. பிறகு ஓங்கி அடித்தான். பலகையின் அதிர்வு இடது தோள் வழியாக ஓடி உடைந்த கைக்கு வந்து சேர்ந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை. பலகை நடுவில் பிளந்துபோகும் வரை அடித்தான். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வந்தவர்கள் இருபத்தாறு பேர்.

அவன் சட்டையைக் கழற்றிச் சிலுவையைத் தோளில் ஏற்றினான். மனைவி அந்தப் புண்ணைப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள். 

ஏழாம் தலத்தில் கீழே ஓடைப் பக்கத்துப் புதரிலிருந்து கல் வந்தது. பதினொன்றாம் தலம் வரை ஐந்து கற்கள். ஒன்று என் முழங்காலில். மற்ற நான்கும் அவனைக் குறிபார்த்தவை, இரண்டு பட்டன. புருவம் பிளந்து கண்ணை ரத்தம் மறைத்தும் அவன் சிலுவையை இறக்கவில்லை. ஆட்களில் ஒன்பது பேர் ஓடிவிட்டார்கள். பல் போனதால் எனக்கு வார்த்தை குழறியது. பன்னிரண்டாம் தலத்தில் மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த செபப் புத்தகத்தைப் பிடுங்கி மீதியைத் தானே வாசித்தாள். முடிக்கும்போது கீழே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

வீட்டுக்கு வந்து மஞ்சள் அரைத்தாள். என் கைக்கும் முழங்காலுக்கும் பூசினாள். அவன் உள்ளே வராமல் வாசலில் குந்தியிருந்தான். மீதி மஞ்சளைக் கிண்ணத்தோடு அவன் பக்கம் தள்ளினாள்.

"நீயே பூசிக்க" என்றாள். "நாளைக்கு வேற பலகை செஞ்சி எட்த்துனு வா."