வாள்வீரனுக்கு மூன்று ஓலை

அக்காவுக்கு அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்ப் பைத்தியம் பிடிக்க வைத்தவள் நான்தான். ஒரே வருடத்தில் அவள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள் என்று அப்போது தெரியாது.

அவளுக்குப் பிடித்த தொடரில் ஒரு வாள்வீரன். பேச்சு குறைவு, கோபம் அதிகம். கடைசிப் போரில் செத்துப்போகிறான். அவனுக்கு முன்பே இறந்துவிடுகிற ஒரு வைத்தியப் பெண்ணும் உண்டு. இருவரும் ஒரு காட்சியில்கூடச் சந்திக்கவில்லை. அதனாலென்ன, ரசிகர்கள் ஜோடி போட்டுவிட்டார்கள். படம் வரைகிறார்கள், கதை எழுதுகிறார்கள், பிள்ளைகுட்டிகூடப் பெற்றுக்கொடுக்கிறார்கள். வேலையற்ற கூட்டம் என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தமிழ் ரசிகர் குழு ஒன்றில் சேர்ந்து அவளும் எழுத ஆரம்பித்தாள்.

என்னமாய் எழுதினாள்! வாள்வீரன் ஏரியூர் பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தான். ஒகேனக்கல் பரிசலில் தலைசுற்றிப் போனான். போருக்கு அஞ்சாதவன் மீன் முள்ளுக்குப் பயந்தான். வயிறு வலிக்கச் சிரித்தேன், கொஞ்சம் பொறாமையும் பட்டேன். தொடரை எழுதியவர் ஈவிரக்கமில்லாமல் கொன்றவர்களை உட்காரவைத்துச் சோறு போடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது எனக்கு இல்லை.

பிறகு, எங்கள் மாதா கோயில் வழக்கப்படி அவர்களுக்குக் கல்யாணம் வைத்தாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார்: இன்னார் மகன், இன்னார் மகள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. நாலு வருடத்துக்கு முன் அக்காவுக்கும் வாசித்தார். இரண்டு ஓலை. மூன்றாம் ஞாயிறு வருவதற்குள் மாப்பிள்ளை பைக் விபத்தில் போய்விட்டார். அதிலிருந்து, ஓலை வாசிக்கும் நேரம் வந்தால் அக்கா எழுந்து வெளியே போய்விடுவாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை.

அப்படிப்பட்டவள் குழுவில் முதல் ஓலையைப் போட்டபோது எனக்குத் திக்கென்றது. அடுத்த ஞாயிறு இரண்டாவது. அதற்குக் கீழே ஒரு ரசிகர் கிண்டலாக எழுதினார்: "தடை இருக்குதுங்க. ரெண்டு பேருமே செத்துட்டாங்க."

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு எழுத்தும் நகரவில்லை. குழுவில் எல்லோரும் எப்போது, எப்போது என்று நச்சரித்தார்கள்.

"வேணாம்னா வுட்டுடுக்கா. கதைதானே," என்றேன்.

"கதை எழுதினவங்க பாதியில வுட்டாங்க. நானும் வுடணுமாடி?"

மூன்றாம் ஓலையை எழுதிப் போட்டாள். கிண்டல் செய்தவருக்கும் பதில் போட்டாள்: "செத்துட்டாங்கன்னு எனக்கும் தெரியுங்க. அது தடையில்லைங்க."

பிறகு அதே ஆள் எழுதினார்: "தடை இல்லைங்க." அவருக்குப் பின் இன்னொருவர். பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தது. கோயிலில் தடை கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இங்கே முகம் தெரியாதவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சொன்னார்கள். அந்த வேலையற்ற கூட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அக்கா ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். நாலைந்து பேருக்கு மேல் முடியவில்லை, குலுங்கி அழுதாள். போனை என்னிடம் நீட்டினாள்.

"மிச்சத்த நீ வாசிடி. நான் கேக்கணும்."