தோற்றால் யார் திருப்பித் தருவது?

போன அமாவாசை மதியம் செஞ்சியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஓர் எண் குறைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை என்பது என் மரியாதையைக் காப்பாற்றச் சொல்வது.

அந்த எண், மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்கு நடுவே இருந்த ஒரு நெட்வொர்க் பெட்டியின் மிச்ச மெமரி. காணாமல் போனவர்களைத் தேட அங்கே நாலு பூத். எந்த பூத்தில் தொலைந்தவர் போட்டோவைக் கொடுத்தாலும் அது மற்ற மூன்றுக்கும் எங்கள் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். பெட்டியின் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றில், நெட்வொர்க் சமாசாரத்தை எழுதியவன் அடியேன்.

போனில் சுமதி. தொண்டூர்ப் பெண், என்னோடு வேலை செய்பவள். என் வயதில் பாதி, நிதானத்தில் இரண்டு மடங்கு. பெட்டியோடு பூத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“சார், கொறஞ்சிக்கினே போவுது. ரீஸ்டார்ட் பண்ணா அஞ்சு நிமிஷம் ஓடுது. போட்டோ பாதி போறப்ப மறுபடி நின்னுடுது.”

“மைக்ல கூப்ட சொல்லும்மா!”

“காணாம போன அம்மாவுக்குக் காது கேக்காது சார். சக்கரைக்கு ஊசி போடுற நேரம் தாண்டிடுச்சாம். ஊசி வீட்டுக்காரர் பையில இருக்குது. அவரு என் எதிர்ல நின்னு அழுதுக்கினு இருக்காரு.”

இந்த இடத்தில் ஒரு நிபுணன் என்ன செய்வான்? யோசிப்பான். நான் ஃபேனை நிறுத்தினேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

விஷயம் இதுதான். டேட்டா வந்தால் அதை வைக்க மெமரியில் ஓர் இடம் வேண்டும். வாடகைப் பாத்திரம் மாதிரி — வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். இதையே எல்லா இடத்திலும் எழுதிக்கொண்டிருக்க முடியாதே என்று ஒரு குட்டி ஃபங்ஷன் செய்து வைப்போம். ஹெல்பர் என்று பெயர்; தேவைப்படும் இடத்தில் கூப்பிட்டுக்கொள்வோம். என் ஹெல்பர் டேட்டாவை அனுப்பும். போய்விட்டால் பாத்திரத்தைத் தானே திருப்பித் தந்துவிடும்.

சரி, அனுப்ப முடியாமல் போனால்?

ஹெல்பரை எழுதியபோது, ‘கூப்பிட்டவன் திருப்பித் தருவான்’ என்று நினைத்தேன். சில மாதம் கழித்து அதைக் கூப்பிடும் போட்டோ பகுதியை எழுதியபோது, ‘ஹெல்பர் திருப்பித் தரும்’ என்று நினைத்தேன். இரண்டு பேரும் நானே! யாரைத் திட்டுவது?

ஆபீஸ் டெஸ்ட்டில் எதுவும் தோற்கவில்லை. அமாவாசைக் கூட்டத்தில், அத்தனை போன்களின் நெரிசலில், நொடிக்கு நொடி தோற்றது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பாத்திரம் அம்போ...

“சுமதி, புடிச்சிட்டேன்! தோத்தா ஹெல்பரே மெமரிய ஃப்ரீ பண்ணிடும். ஒரே வரி. அனுப்புறேன்!”

“இருங்க சார். அந்த ஹெல்பர வேற எத்தினி எடத்துல கூப்புடுறோம்?”

விரல் என்டர் மேல் நின்றது. தேடினேன். வேறு மூன்று இடம். மூன்றும் தோற்றால் பாத்திரத்தை ஒழுங்காகத் தாங்களே திருப்பித் தந்துகொண்டிருந்தன. என் ஒரே வரி போயிருந்தால்? ஒரே பாத்திரம் இரண்டு முறை திரும்பியிருக்கும். இடையில் அதை வாங்கி இன்னொருவர் சோறு வடித்துக்கொண்டிருப்பார்; அவர் அடுப்பிலிருந்தே பிடுங்கிய மாதிரி. கெர்னல் இதைப் பொறுக்காது. மொத்தமாகப் படுத்துவிடும்.

ஹெல்பரைத் தொடவில்லை. என் போட்டோ பகுதியில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன் — தோற்றால், திருப்பிக் கொடு.

ஆனால் இந்த வரி என்ற மருந்தும் பெட்டியின் அதே அடைத்த தொண்டை வழியாகத்தானே இறங்க வேண்டும்?

“ரீஸ்டார்ட் பண்ணு. அந்த அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுறேன்.”

நாற்பது சதவீதம்... ஐம்பத்தைந்து... பக்கத்திலேயே மெமரி எண் சரிந்துகொண்டிருந்தது. கீழே ரோட்டில் மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு பஸ்ஸிலும் இன்னும் எத்தனை போன்!

மனைவி எட்டிப் பார்த்தார். “இன்னாங்க, ஃபேன் போடாம இப்டி வேத்து ஊத்துது? யார்னா அடிச்சாங்களா?”

“இன்னும் இல்ல.”

தொண்ணூற்றாறு... நூறு.

“எறங்கிடுச்சி சார். இன்னொரு தபா ரீஸ்டார்ட் பண்றேன்.” எண் மறைந்து மீண்டும் வந்தது. “ஓடுது சார். எண் அசையாம நிக்குது. போட்டோ போயிடுச்சி.”

அப்புறம் பத்து நிமிடம் போனில் கூட்டத்தின் இரைச்சல் மட்டும். பிறகு சுமதி சிரிக்கும் சத்தம்.

“மூணாவது பூத்துல இருக்காங்க சார்! அங்க அந்தம்மா இவரு போட்டோவ நீட்டிக்கினு நிக்கிறாங்களாம் — இவருதான் தொலைஞ்சிட்டாருன்னு! அந்தப் போட்டோவும் நம்ம பெட்டியிலதான் மாட்டிக்கினு இருந்துது.”

“ஊசி?”

“பையோட ஓடினாரு. போட்டாச்சாம்.”

ஹெல்பர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெயித்தால் என்ன செய்யும் என்பதை அதுவே காட்டிவிடும். தோற்றால் கையில் இருப்பது யார் பொறுப்பு? அதை அதன் தலைமேலேயே எழுதி வையுங்கள். நான் அன்று சாயந்திரமே எழுதினேன்.

போனை வைக்கும் முன் சுமதி சொன்னாள்: “சார், ‘யாரு கண்ணு இத செஞ்சது, பேரச் சொல்லு’ன்னு அந்தப் பெரியவர் கேட்டாரு.”

“எதச் செஞ்சது? கெடுத்ததா, சரி பண்ணதா?”

“ரெண்டுக்கும் ஒரே பேருதான சார்!”