என் துப்பாக்கிகளைப் பிடுங்கிய அக்கா

என் அக்கா மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் கரண்டி பிடித்தவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு, அவள் வாயால் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு அறுபத்தொரு வயதாக வேண்டியிருந்தது.

நாலு வருடத்துக்கு முன், வசந்தத்தில் என் மனைவி ஜோலின் இறந்துபோனாள். அக்டோபர் கடைசியில், அப்பா கட்டிய மான்வேட்டைக் குடிலை நண்பன் வெர்னுக்குத் தூக்கிக் கொடுத்தேன். வடக்கு மிச்சிகனில் ஒருவன் சிறுநீரகத்தைக்கூடக் கொடுப்பான், வேட்டை இடத்தைக் கொடுக்க மாட்டான். அதுவும் வேட்டை சீசனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது! காப்பிக் கடையில் எல்லாரும் முதுகில் தட்டினார்கள். "தங்கமான மனசுய்யா உனக்கு!"

அக்கா தட்டவில்லை. முந்தின வாரம்தான் தேவாலயக் கீழ்த்தளத்தில் ஷெரிஃபின் காவல் அலுவலகப் பெண் ஒருத்தி பேசியிருந்தாள், துப்பாக்கி உள்ள வீட்டில் மனம் உடைந்தவர் இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று. அக்கா காப்பி ஊற்றப் போனவள்தான், ஆனால் காதைத் திறந்து வைத்திருந்தாள். உயிராய் வைத்திருந்த பொருளை ஒருவர் திடீரென்று கொடுத்தால் நேராகவே கேளுங்கள் என்றாளாம் அந்தப் பெண்.

நேராகவே கேட்டாள். "டேய் டுவேன், சாகலாம்னு இருக்கியா?"

"என்னக்கா பேச்சு இது?"

"இல்லன்னு சொல்லு, போயிடறேன்."

எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

பாதிரியாரை என்னோடு உட்கார வைத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போய், என் துப்பாக்கிகளை எடுத்துவைக்கப் பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு எழுதினாள். நீதிபதி கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு அதிகாரிகள் வந்து, ரசீது கொடுத்து, என் நான்கு துப்பாக்கிகளையும் எடுத்துப்போனார்கள், ஒரு வருடத்துக்கு.

"கூடப் பிறந்தவளே குழி பறிச்சிட்டியே!" என்று கத்தினேன்.

"திட்டு. நல்லாத் திட்டு. திட்டறதுக்கு நீ இருக்கணும், அவ்வளவுதான்."

காப்பிக் கடையில் அவள் மேசையில் யாரும் உட்காரவில்லை. தம்பி துப்பாக்கியையே பிடுங்கினவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அத்தனையையும் தாங்கிக்கொண்டு வாராவாரம் என்னை மருத்துவரிடம் காரில் கூட்டிப்போனாள். போகும்போதும் வரும்போதும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நவம்பர் பதினைந்து, சீசனின் முதல் நாள். காட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்க, நான் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா வந்து நின்றாள். வாழ்நாளில் வேட்டைப் பக்கமே போகாதவள்.

"கிளம்பு. வெர்ன் குடிலைத் திருப்பிக் குடுத்துட்டான்."

"துப்பாக்கி இல்லாம அங்க என்னத்தப் பண்ண?"

"மான் பாரு."

மதியம் வரை ஓயாமல் பேசினாள். அந்த வாய்க்கு ஒரு மைல் சுற்றளவில் எந்த மான் நிற்கும்? ஜோலின் போன பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரிப்பு அழுகையானது. அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, கொண்டுவந்த பேஸ்டியை, அந்தக் கறி அடைத்த ரொட்டியைப் பிட்டுப் பெரிய பாதியை என் கையில் வைத்தாள்.

நாலு வருடமாயிற்று. திரும்பி வந்த துப்பாக்கிகளில் மூன்றை விற்றுவிட்டேன். ஒன்று அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், சாவி அவளிடம். இன்று நான் மூச்சு விடுவது அவள் போட்ட பிச்சை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் சாவியைக் கொடுக்கும் முன் என் கண்ணைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறாள்.

"இல்லக்கா" என்கிறேன், வாய் நிறைய.