காலில் கட்டிய நூல்

கமலாசனிக்குப் பாம்பென்றால் பயமில்லை, வயலைக் கிண்டும் காட்டுப்பன்றி என்றாலும் பயமில்லை. கண்டாவளை ஊரில் அவளுடைய வாய்க்குப் பயந்தவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்டவள், ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்த இளைய மகன் கிருசாந்தனின் காலில் ஒட்டியிருந்த உள்ளங்கை அகலச் சதையைப் பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

வரம்பில் சரிந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் அவனுடைய காலின் மேல் விழுந்திருந்தது. முறிந்த எலும்பைப் பொருத்திவிட்டார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே அதை மூடச் சதை மிஞ்சவில்லை. மூடாவிட்டால் எலும்பு பழுதாகும், பிறகு காலையே எடுக்க வேண்டி வரும். அதனால் டொக்டர் சாரங்கா அவனுடைய தொடையிலிருந்து தோலையும் சதையையும் இரத்தக்குழாயோடு வெட்டியெடுத்து அந்த இடத்தில் வைத்தார். பூதக்கண்ணாடி போன்ற பெரிய கருவிக்குள் பார்த்துக்கொண்டு, தலைமயிரிலும் மெல்லிய நூலால் குழாயோடு குழாயைத் தைத்தார். விடியற்காலையில் தொடங்கிய வேலை பின்னேரம்தான் முடிந்தது.

"அம்மா, ஒரு குழாயால இரத்தம் வருது, மற்றதால திரும்பிப் போகுது. எது அடைச்சாலும் சதை செத்துப்போம். முதல் நாலைஞ்சு நாளும் கண்டம்தான்," என்றார் சாரங்கா. "நேர்ஸ்மார் கொஞ்சப்பேர்தான், காணாது. கூட இருக்கிற ஆக்களும் பாத்தால் பழுதை நேரத்தோட பிடிக்கலாமோ எண்டு நாங்கள் ஒரு ஆராய்ச்சி செய்யிறம். நீங்களும் சேருவீங்களோ?"

"ஓம் டொக்டர்." மகனுடைய காலுக்காக அவள் எதற்கும் ஓம் சொல்லியிருப்பாள்.

"விரலால மெல்லமா அமத்தி எடுங்கோ. நிறம் ஆறுதலா, கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரவேணும். ஓடி வந்தாலோ, நீலம் பாரிச்சாலோ உடன கூப்பிடுங்கோ. காலில இறுக்கமா ஒண்டும் படக்கூடாது."

இறுக்கமாக ஒன்றும் படக்கூடாது. அதைக் கேட்டுத் தலையாட்டியவள்தான், அடுத்த நாள் அம்மன் கோயிலில் நேர்ந்து வாங்கிய மஞ்சள் நூலை மகனின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கட்டுத்துணி தொடங்கும் இடத்துக்கு மேலே கட்டிவிட்டாள். இடையில் விரல் விட்டும் பார்த்தாள். தாராளமாகப் போனது. இதுவா இறுக்கம்? நூல் தெரியாமல் மேலே போர்வையை இழுத்துவிட்டாள். நேர்த்தி முடியும்வரை அந்த நூலை அறுக்கக்கூடாது.

அறுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். போரின் கடைசி மாதங்களில் மூத்தவன் சுஜிதனின் கையிலும் அப்படியொரு நூல் இருந்தது. புண் சீழ்பிடித்துக் கை வீங்கியபோது அவளே அதை அறுத்தாள். அடுத்த நாள் ஷெல் விழுந்தது. நூலை அறுத்ததால்தான் பிள்ளை போனான் என்று அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. நம்பாமல் இருந்ததுமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சதையை அமத்தி எடுத்தாள். நிறம் ஓடி வந்தது. திரும்பவும் அமத்தினாள். அப்போதும் ஓடித்தான் வந்தது. ஓரமெல்லாம் நாவற்பழ நிறம். போர்வையைத் தூக்கினாள். கால் வீங்கியிருந்தது. விரல் போன இடத்தில் இப்போது நகம்கூடப் போகவில்லை. நூல் தோலுக்குள் புதைந்து கிடந்தது.

கமலாசனி செய்த முதல் வேலை, போர்வையை இழுத்து மூடியதுதான். பயம் வந்தால் மனிதருக்குப் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

"என்னம்மா? முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்றான் கிருசாந்தன்.

"நூல் இறுகிப்போச்சடா. முடிச்சு அவிழாது. அறுக்கவும் ஏலாது... அண்ணாவுக்கு நான்தான்ரா அறுத்தனான்."

அவன் அவளையே பார்த்தான். "நானும் பக்கத்தில நிண்டனான் அம்மா. அண்ணா ஷெல் பட்டுத்தான் செத்தவன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள், வாட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"மிஸ்! ஓடி வாங்கோ! பிள்ளையின்ர சதை நீலமாப் போச்சு!"

தாதி பிரியந்தினி ஓடி வந்தாள். நூலைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது. கத்தரிக்கோலை எடுத்துக் குனிந்தவளின் கையைக் கமலாசனி பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டத் தாங்கோ பிள்ளை. கட்டினது நான். பழி வந்தால் எனக்கு வரட்டும்."

தர்க்கம் பண்ண நேரமில்லை. பிரியந்தினி நூலை இடுக்கியால் தூக்கிப் பிடித்தாள். கமலாசனி வெட்டினாள். வெட்டிய கையோடு தலை குனிந்து மகனின் மேல் கவிழ்ந்துகொண்டாள். ஷெல் ஒன்றும் விழவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சாரங்கா வந்து ஊசியால் சதையில் குத்தினார். கறுத்த இரத்தம் கசிந்தது. "ஒப்பரேசன் தியேட்டருக்குச் சொல்லி வையுங்கோ," என்றார் தாதியிடம். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்." கமலாசனியை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குப் பாதிப் பயம் போயிருக்கும்.

அவள் கட்டிலின் காலைப் பிடித்தபடி நிலத்தில் குந்தினாள். அம்மாளே, காலை எடுத்துக்கொண்டு உயிரை விடு என்று கேட்டாள். உடனே பதறிப்போய், இல்லை, காலையும் விடு, என்னை எடு என்று மாற்றிக் கேட்டாள். எதைக் கேட்டாலும் பிழையாகிவிடும் போலிருந்தது. கடைசியில் ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, எழும்பிப் பாருங்கோ."

சாரங்கா திரும்பவும் குத்தியிருந்தார். நாவற்பழ நிறம் வெளிறத் தொடங்கிய சதையின் மேல் ஒரு துளி இரத்தம் நின்றது. நல்ல சிவப்பு. "திரும்பிப் போற குழாய் திறந்திட்டுது. இண்டைக்கு முழுக்கப் பாக்கவேணும். ஆனால் இப்ப உயிர் இருக்கு."

பிள்ளைகளின் இரத்தத்தைக் கண்டு அலறிய காலம்தான் கமலாசனியுடைய காலம். அந்தத் துளியைக் குனிந்து, மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தாள். பஞ்சால் அதைத் துடைக்கப் போன டொக்டரின் கையைப் பிடித்தாள்.

"இன்னொருக்காக் குத்துங்கோ டொக்டர்," என்றாள். "இன்னொருக்காக் குத்திக் காட்டுங்கோ."