குகைக்குள் கிளார்க்குக்கு என்ன சோலி

முத்தையாபுரத்தில் என் மச்சான் வீட்டில் ஞாயிறு மதியம் மூன்று பேர் கூடுவோம். பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்று. ஆறு பேரைத் தேர்ந்தெடுத்துக் குகைக்குள் இறக்கி, கடைசியில் இருக்கும் டிராகனைக் கொல்ல வேண்டும். மச்சான் உப்பு லாரி ஓட்டுகிறவர். இன்னொருவன் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். இரண்டு பேருக்கும் சுட்டுப்போட்டாலும் இங்கிலீஷ் வராது என்பது என் தீர்மானம். நான் கப்பல் ஏஜென்சியில் கிளார்க். அந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதையே இங்கிலீஷால் வந்ததுதான். அது போனால் நான் வெறும் மூன்றாவது ஆள்.

பட்டியலைப் படித்துச் சொன்னதும் நான்தான். வாள்வீரன், வில்லாளி, திருடன், மந்திரவாதி. ஐந்தாவதாக, கிளார்க். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“குகைக்குள்ள கிளார்க்குக்கு என்னலே சோலி? டிராகனுக்கு லெட்டர் அடிக்கவா?”

போர்க்லிப்ட்காரன் தயங்கினான். “ஒருத்தனைச் சேத்துத்தான் பாப்பமே அண்ணாச்சி.”

“போலே, கூறுகெட்டவனே. கிளார்க் பொழப்பு எனக்குத் தெரியாதா?”

நாலு வாள்வீரன், ஒரு வில்லாளி, ஒரு மந்திரவாதி என்று இறங்கினோம். எட்டு ஞாயிறு ஆடினோம், எட்டிலும் செத்தோம். ஒவ்வொரு தடவையும் அவர்களைத்தான் ஏசினேன். மச்சான் மந்திரவாதியைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்துவார். போர்க்லிப்ட்காரனுக்கு அடிபட்டவனைப் பின்னால் இழுக்கத் தெரியாது. ஒருநாள் அவன் தன் வீரனுக்குப் பெயர் அடிக்கும்போது ஓர் எழுத்தை விட்டுவிட்டான். நான் சும்மா விடுவேனா?

“ஒரு எழுத்து தப்புன்னா எங்க ஆபீஸ்ல கண்டெய்னர் பெட்டி துறைமுகத்தை விட்டு அசையாதுலே. நீயெல்லாம் எதுக்குத்தான் லாயக்கு?”

அவன் விட்ட எழுத்தைத் தேடி அடித்தான். மச்சான் தின்ன வைத்திருந்த மக்ரூன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் ஞாயிறு நான் போனபோது திரையில் டிராகன் செத்துக் கிடந்தது.

“யாருலே கொன்னது?”

“நாங்கதான் அண்ணாச்சி. ஷிப்ட் முடிஞ்சு தினமும் இங்கன வந்து புதுசா ஆடுனோம். அந்த அஞ்சாவது ஆளைச் சேத்தோம்.”

“கிளார்க்கையா?”

“கிளார்க் இல்ல அண்ணாச்சி, கிளெரிக்காம். பூசாரி மாதிரி. அடிபட்டவனையெல்லாம் அவருதான் குணமாக்குதாரு. போன்ல போட்டுப் பாத்தேன்.”

குனிந்து திரையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். கடைசியில் ‘கே’ இல்லை. ‘ஐ’யும் ‘சி’யும் இருந்தன. எட்டு வாரமாக நான் என் உத்தியோகத்தையே படித்திருக்கிறேன். தூ!

அவன் ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். மக்ரூன் தட்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்:

“ரெண்டு எழுத்துதான அண்ணாச்சி, விடுங்க.”