தானே தரையில் உட்கார்ந்தவர்கள்

அந்த ஆஸ்பத்திரி மேலாளரம்மாவுக்கு நர்சுகள் வைத்த பேர் 'யாரது'. வேலைக்கு வந்த புதிதில் எது நடந்தாலும் அவள் வாயிலிருந்து முதலில் விழுந்த சொல் அதுதான். நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தாரா? யாரது பக்கத்தில் இருந்தது? மருந்து மாறிப்போச்சா? யாரது கொடுத்தது? ஆளைப் பிடித்து, திட்டி, பேரைப் பலகையில் எழுதி மாட்டினால் தரம் தானாக உயரும் என்று மனசார நம்பினாள்.

உயரத்தான் செய்தது, காகிதத்தில். ஒரு வருஷம் முழுக்க ஒருத்தர்கூட விழவில்லை. அப்புறம் ஒரு பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஏட்டைப் புரட்டினால், 'நோயாளி தானே தரையில் உட்கார்ந்தார்' என்று இருக்கிறது. முந்தின பக்கத்திலும் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். அந்த வருஷம் முப்பத்தொரு பேருக்குத் தரைமேல் அப்படி என்ன ஆசையோ! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் நர்சுகள். மறைக்க வைத்தவள் தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

பலகையைக் கழற்றினாள். "இனிமே யாருன்னு கேக்க மாட்டேன். என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் வரவில்லை. சூடுபட்டவர்கள் அடுப்பண்டை வருவார்களா? அறைக் கதவைத் திறந்து வைத்து ஏழு மாசம் காத்திருந்தாள். வீட்டிலும் பேச ஆளில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு. இன்னொரு எலும்பு முறிவதற்குள் ஒரு உண்மை காதில் விழாதா என்பதே நினைப்பு.

ஒரு நாள் ஒல்லி நர்ஸ் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், மூணாம் வார்டுல ஒரம்மா விழுந்துட்டாங்க."

"யா..." நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிக்கொண்டாள். "அடி பட்டுச்சா?"

"முழங்கையில சிராய்ப்புதான், டாக்டர் பாத்துட்டாரு. கட்டில் ஓரத்துத் தடுப்புக் கம்பி தூக்கிவிட்டா நிக்க மாட்டேங்குது. துணியால கட்டி வெச்சிருந்தோம், அவுந்துடுச்சு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"இரும்மா, டீ சொல்றேன்."

"வேணாம் மேடம், வேலை கெடக்கு." போனவள் திரும்பி, "பக்கத்துக் கட்டிலும் அப்படித்தான்" என்றாள்.

பழுது பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு அவளே வார்டுக்குப் போனாள். நர்சுகள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அவர் முடுக்கிய கம்பியை நாலு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"நீங்க யாரும்மா, புதுசா?" என்று கேட்டாள் கட்டிலில் கிடந்த அம்மா.

பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவள், கம்பியை ஐந்தாவது தடவையாக ஆட்டிப் பார்த்தாள்.