காலடிப்பேட்டையில் ஒரு அபாகஸ் மிஸ்

அபாகஸ் சொல்லித்தரும் வேலையில் ஒரே ஒரு பேஜார்தான்: பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொண்டுவிடும். டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டிப்போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் ப்ளஸ் டூவில் பாதியில் நின்றவள். அம்மா தன்னோடு இறால் உரிக்கிற கம்பெனிக்குக் கூப்பிட்டாள். நாள் முழுக்க ஐஸில் கை வைக்க என்னால் ஆகாது. காலடிப்பேட்டை சென்டர் மேடம் ஒரு மாதம் சோதனைக்கு எடுத்தார். மாதக் கடைசியில் பெற்றோர் முன்னால் நான் கூட்டல் செய்து காட்ட வேண்டும். அதைப் பார்த்துப் புதிதாக ஒரு பிள்ளையாவது சேர்ந்தால் வேலை, இல்லாவிட்டால் இறால்.

சின்ன நண்பன்

அபாகஸில் ஒவ்வொரு கம்பிக்கும் குறுக்கே ஒரு பட்டை. பட்டைக்குக் கீழே நாலு மணி, ஒவ்வொன்றும் ஒன்று. மேலே ஒரே மணி, அது ஐந்து. மூன்றோடு நாலைக் கூட்டப் போனால் கீழே ஒரு மணிதான் மிச்சம். அதனால் மேல் மணியை இறக்கி ஐந்தாகச் சேர்த்து, அதிகமாய்ப் போன ஒன்றைக் கீழே தள்ளணும். அந்த ஒன்றுதான் நாலுக்குச் 'சின்ன நண்பன்'.

இதை மேடம் எனக்குச் சொல்லித்தந்ததே வகுப்புக்கு முந்தின நாள்தான். மறுநாள் வகுப்பில் ஐந்தைச் சேர்த்தேன், ஒன்றைத் தள்ள மறந்தேன். எட்டு வந்தது. எங்கேயோ இடிக்கிறதே என்று மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். முன்வரிசை ஜெனிஃபர், ஏழு வயசு, குனிந்து பார்த்துவிட்டாள்.

"மிஸ், நீங்க இன்னும் விரல்லதான் எண்ணிக்கினு கீறீங்களா? நான் எல்கேஜிலயே வுட்டுட்டேன்."

பூசையில் ஆடிய கை

கொஞ்சம் தேறிய பிள்ளைகள் அபாகஸ் இல்லாமலே காற்றில் மணி தள்ளும். ராயபுரத்து டேனியும் அப்படித்தான். திங்கட்கிழமை அவன் அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டு நம்பர் எழுதிய பலகையைப் பார்த்து, பூசை முழுக்கக் கூட்டிக்கொண்டே இருந்தானாம். வலது கை நெஞ்சுக்கு நேரே ஆடிக்கொண்டே இருந்ததாம். நான் சும்மா இல்லாமல், விடை சரியாக வந்ததா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"விடைய நீயே வெச்சிக்கம்மா. புள்ளைக்கு சிலுவை போடத் தெரியலன்னு ஃபாதர் அவன மறுபடியும் சின்னப் பசங்களோட ஞானோபதேச கிளாஸ்ல குந்த வெச்சிக்கீறாரு."

தூக்கிக் காட்டினேன்

பெற்றோர் வந்த நாள். புதிதாக வந்தவர் ஒரே ஒருவர்: விம்கோ நகர்க்காரர், ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். கூடவே வாயே திறக்காத மகள். மேடம் எட்டோடு ஏழைக் கூட்டச் சொன்னார். எட்டு வைத்தேன். ஏழுக்கு இடமில்லை. ஏழு பத்தாக மூன்று வேண்டும். அந்த மூன்றைக் கழித்து, பக்கத்துக் கம்பியில் ஒன்றை ஏற்றினேன். பதினைந்து. விரல் விடாமலே வந்துவிட்டது.

அந்தக் குஷியில், எல்லோரும் பார்க்கட்டும் என்று அபாகஸை நிமிர்த்தித் தூக்கிப் பிடித்தேன். அதைத் தூக்கவே கூடாது. கீழ் மணி எல்லாம் அடியில் போய் விழுந்தது, மேல் மணி எல்லாம் இறங்கிப் பட்டையில் உட்கார்ந்தது. எல்லாக் கம்பியிலும் ஐந்து. ஜெனிஃபர் சத்தமாக "அஞ்சு, அஞ்சு, அஞ்சு" என்று வாசித்துக்கொண்டே போனாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு இறால் வாடையே அடித்தது. அப்போதுதான் அந்த வாய் திறக்காத மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்தார்.

"எட்டும் ஏழும் சேந்து இவ்ளோ ஆவுதுன்னா, எம் பொண்ண இன்னிக்கே சேத்துக்கம்மா."

ஆக, வேலை கிடைத்துவிட்டது. கூட்டத் தெரிந்ததாலா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.